மெருகிடும் முன்

ஆயுத பூசை நெருங்கிவிட்டால் எமது இல்லத்தில் இருவகை மெருகு வேலை நடைபெறுவது வழக்கம். அடுக்களைப் புறத்திலே அன்னையார் குத்துவிளக்கையும் செம்புகளையும் பழப்புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவார். முற்றத்திலே தந்தையார் தமது சிவப்பு மோட்டார் வண்டியைக் கொம்பவுண்ட் தொட்ட துணியினால் தேய்த்துக்கொண்டிருப்பார். விளக்குத் துலக்கிய துணி கறுக்கும். வண்டி தேய்த்த துணி சிவக்கும். எமக்கு ஆறு வயதிருக்கும்போது அத்துணியைக் கண்டு, "அம்மா, அப்பாட காருக்கு இரத்தம் வருகுது!" என்று அலறினோமாம். அக்கதையை விருந்தினர் வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பதில் அன்னையாருக்கு அலாதியான இன்பம்.

அந்த அலறலில் ஓர் உண்மை இருந்தது என்பதை உணர எமக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. அதனை உணர்த்தியது, கனடாவிலிருந்து எம் தமக்கையார் அனுப்பிவைத்த முப்பது மில்லிலீற்றர் கொண்ட சிறு போத்தல் ஒன்றேயாம்.

தந்தையாரின் பத்தாவது ஆண்டுத் திவசத்துக்குத் தமக்கையார் குடும்பத்துடன் வருவதாக இருந்தது. வருமுன்னரே உறவினர் ஒருவர் கையில் அப்போத்தலைக் கொடுத்தனுப்பி, "அப்பாட காருக்குப் பூசு, இனி அது மங்காது" என்று சொல்லியிருந்தார். செரமிக் கோட்டிங் என்று இந்நாளில் வாகனப் பிரியர்கள் யாவரும் பேசிக்கொள்ளும் பூச்சு அது. எம் மைந்தன் அதைக் கண்டதும் துள்ளிக் குதித்தான். நாமோ கல்லூரியில் இரசாயனவியல் கற்பிப்பவராதலின், துள்ளுவதற்கு முன் போத்தலோடு வந்த குறிப்புத்தாளை வாசித்தோம். அதிலே பூச்சினைப் பூசும் முறை நான்கு வரிகளிலும், பூசுமுன் செய்யவேண்டியவை நாற்பது வரிகளிலும் அச்சாகியிருந்தன. கலியாணத்திலும் தாலி கட்டுவது ஒரு நொடிதான். பந்தல் போடுவதற்கல்லவா பத்து நாட்கள் வேண்டும்!

வண்டியைப் பற்றி இரு வார்த்தை கூறல் வேண்டும். எம் தந்தையார் அரசாங்க நில அளவையாளர். 1977ஆம் ஆண்டின் பின் இந்நாட்டில் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்ட காலத்தில், கடன் பெற்று அவர் வாங்கியது 1981ஆம் ஆண்டுத் தொயோட்டா கொரொல்லா. கண்டிக் குளத்தருகே சங்கராஜ மாவத்தை வழியாக அம்பிட்டியாவுக்கு ஏறும் சாய்வில் எமது வீடு. அந்தச் சாய்வை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வண்டி ஏறி இறங்குகின்றது. இடையிலே அதனை விற்றுவிட எண்ணிய நாட்களும் உண்டு. ஆனால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரையில் தனியார் கார்கள் வந்திறங்காதிருந்த காலத்தில், பழைய வண்டி வைத்திருந்தோர் யாவரும் அதனைக் கண்ணுக்குக் கண்ணாகக் காக்கலாயினர். நாமும் அவர்களுள் ஒருவரானோம்.

காத்தோம் என்றோம், முழுதும் காத்தோமல்லோம். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கியூஆர் குறியீடு காட்டிச் சில லீற்றர் பெட்றோல் பெறும் நிலை ஏற்படுமுன், வண்டி வாரக்கணக்கில் வீட்டுப் பலாமரத்தின் கீழே நின்றது. பலாப்பாலும் பறவை எச்சமும் மழைநீரும் அதன்மேல் இறங்கின. அதற்கு முன்பும் குளக்கரை மரங்களில் அடையும் நீர்க்காகங்களும் கொக்குகளும் எமக்கு நாள்தோறும் வழங்கிய வெண்ணிற ஆசீர்வாதங்கள் பல. எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் சூடேறிய வர்ணத்தின்மேல் அது கிடந்து காயுமாயின், கழுவினாலும் போகாத வடு பதிந்துவிடும். கண்டி வாசிகள் இதனை நன்கு அறிவர்.

இனி அந்தப் பூச்சின் இயல்பைப் பார்ப்போம். போத்தலில் இருப்பது சிலிக்கனைச் சார்ந்த சேர்வைகள் கரைந்த தெளிந்த திரவம். வண்டியின் மேனியில் மெல்லிதாகப் பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது. எஞ்சியது காற்றின் ஈரத்தோடு தாக்கமுற்று, கண்ணாடியின் இனத்தைச் சேர்ந்த கெட்டியான மென்படலமாக இறுகுகிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு மைக்கிரோன், அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிப்பு எழுபது மைக்கிரோன் அளவினது என்றால் இதன் மென்மையை ஊகித்துக்கொள்ளலாம். நீர் இதன்மேல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். அழுக்கு எளிதில் ஒட்டாது. எச்சத்தைத் துடைத்தெடுக்கச் சற்று அவகாசமும் கிடைக்கும். விளம்பரங்களில் "9 எச் கடினம்" என்று போடுகிறார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதனை வைரத்தின் கடினத்தோடு ஒப்பிட்டு மயங்க வேண்டா. வீதிக் கல் தெறித்தால் இப்பூச்சும் விரிசல் காணவே செய்யும்.

இப்பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. அடியில் எது இருக்கிறதோ அதனை அப்படியே மூடி நிலைநிறுத்திவிடும். மெழுகு பூசினால் சில வாரங்களில் அது கழிந்துவிடும். பிழையிருந்தால் மீண்டும் தொடங்கலாம். இதுவோ ஆண்டுக்கணக்கில் நிற்பது. பின்னர் ஒரு கீறலை நீக்க விரும்பினால் பூச்சையும் சேர்த்துத் தேய்த்தெடுக்க வேண்டும். ஆகவே, எதை நீக்குவது, எதை விடுவது என்ற முடிவு முழுவதும் பூசுமுன் செய்யும் மெருகிலேயே தங்கியிருக்கிறது.

அங்கேதான் எமது தொல்லை தொடங்கிற்று. எந்த மெருகு? கடையில் கேட்டால் பத்து வகை எடுத்து நீட்டுகிறார்கள். அவை யாவும் மூன்று குலத்தனவே என்று பின்னர் கண்டோம்.

முதலாவது, கொம்பவுண்ட் எனப்படும் வெட்டும் மெருகு. ஆழ்ந்த கீறல்களையும் வெளிறலையும் நீக்க வல்லது. இரண்டாவது, பொலிஷ் எனப்படும் நுண்மெருகு. கொம்பவுண்ட் விட்டுச்சென்ற மங்கலை அகற்றி ஒளியை வருவிப்பது. மூன்றாவது, கிளேஸ் என்றும், எல்லாம் ஒன்றாய் அமைந்தது என்றும் விற்கப்படுவது. எண்ணெய், மெழுகு, சிலிக்கோன் ஆகியவற்றால் கீறல்களை நிரப்பி மறைப்பது. மூன்றாம் குலத்தைப் பூசிய அன்றைக்கு வண்டி மணமகள்போல் பொலியும்; நாலு மழை கண்டால் பழைய முகம் வெளிப்படும். செரமிக் பூச்சுக்கு இது பகை. எண்ணெய்ப் பசையின்மேல் பூசிய பூச்சு வர்ணத்தைப் பற்றாது பசையையே பற்றும். பசை போகும் நாளில் தானும் போகும். எனவே பூச்சுக்கு முன் கொள்ளும் மெருகு, நிரப்பும் பொருளும் சிலிக்கோனும் அற்றதாயிருத்தல் வேண்டும். பூச்சு பற்றுவதற்கென்றே அமைந்த மெருகுகளும் இப்போது வருகின்றன. கியோன் பிரைமர் போன்றவை அவ்வினத்தன.

முதலிரண்டு குலத்துக்கும் வேறுபாடு உள்ளே இருக்கும் பொடியின் பருமனும் வடிவுமேயாம். அப்பொடி பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டு. மாணாக்கர்கள் இங்கே சற்று நின்று வியக்கலாம்: இரத்தினபுரியில் அகழ்ந்தெடுக்கும் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் இதே அலுமினியம் ஒட்சைட்டுத்தான். மோஸ் கடின அளவில் வைரத்துக்கு அடுத்த ஒன்பதாம் இடம் அதற்கு. தூய நிலையில் நிறமற்ற அப்பொருளிலே சிறிது இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு. ஒருவர் விரலிலே மோதிரமாக இருப்பது, நுண்பொடியாகி வண்டியின் மேனியைச் செதுக்குகிறது.

பொடியிலும் இருவகை. தேய்க்கத் தேய்க்க உடைந்து சிறுத்துப்போவது ஒன்று. இதனைப் பாதியில் நிறுத்தலாகாது, முற்றாக உடையும்வரை பொறுமையோடு தேய்க்க வேண்டும். என்றும் ஒரே பருமனில் நிற்பது மற்றொன்று. இதன் வலு கையழுத்தத்தையும் பஞ்சு வட்டையும் பொறுத்தது. உற்பத்தியாளர் இடும் இலக்கங்களும் குழப்பம் தருவன. 1888இல் தோன்றிய ஜெர்மானிய நிறுவனமாகிய மென்செர்னாவின் வரிசையில் 400 என்பது கடுமையான வெட்டு, 2500 நடுத்தரம், 3800 நுண்மெருகு. அமெரிக்க மெகுயார்ஸ் நிறுவனத்தாரிடமோ 105 என்பது வெட்டு, 205 என்பது நுண்மெருகு. ஆதலால் இலக்கத்தைப் பார்த்து வாங்குவதிலும் அதன் தொழிலைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

இத்தனையும் படித்துக்கொண்டு, பேராதனை வீதிப்பக்கம் உள்ள ஒரு வாகனம் துலக்கும் நிலையத்துக்குச் சென்றோம். ஓர் அனுபவத்தை முன்னரே பெற்றிருந்தமையால் எச்சரிக்கையோடு சென்றோம் என்றே கூறவேண்டும். பல ஆண்டுகளின் முன் வேறோரிடத்தில் "கட் அண்ட் பொலிஷ்" செய்வித்தோம். அவர்கள் கம்பளி வட்டுப் பூட்டிய இயந்திரத்தைப் பொனற்றின் விளிம்பிலே அழுத்த, விரலகலத்துக்குச் சிவப்பு மறைந்து சாம்பல் நிற அடிப்பூச்சுத் தெரிந்துவிட்டது. விளிம்பிலும் மடிப்பிலும் வர்ணம் இயல்பாகவே மெல்லிது. இயந்திரத்தின் அழுத்தமும் சூடும் அங்கேதான் குவியும். தந்தையார் அதைக் கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

இந்நிலையத்தில் எமக்கு வாய்த்தவர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த இளைஞர். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஈரத்துணியில் சிறிது மெருகைத் தொட்டுக் கதவின் ஒரு மூலையில் தேய்த்துக் காட்டினார். துணி சிவந்தது.

"சேர், இது இப்ப வர்ற காரு மாதிரி இல்ல. மேல கிளியர் கோட் கிடையாது. தேய்ச்சா கலரே வரும்" என்றார்.

இக்காலத்து வண்டிகளில் நிறப்பூச்சுக்கு மேலே நிறமற்ற தெளிபடலம் ஒன்று முப்பத்தைந்து முதல் ஐம்பது மைக்கிரோன் வரை இருக்கும். மெருகிடும்போது தேய்வது அதுவே. பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளிலோ தேய்வது நிறமே. வெயிலின் ஊதாக்கடந்த கதிர்கள் நிறப்பொடியைப் பிணைத்திருக்கும் பிசினைச் சிதைக்க, பொடி தளர்ந்து சுண்ணாம்புபோல் மேலே நிற்கும்; சிவப்பு வண்டிகள் வெளிறி ரோசா நிறமாவது இதனால்தான். அந்த வெளிறலை எடுத்துவிட்டால் கீழே நல்ல சிவப்பு உண்டு. ஆனால் எடுத்தது எடுத்ததுதான். விளக்கைப்போல் ஆண்டுதோறும் துலக்குவதற்கு வண்டியின் வர்ணம் பித்தளையன்று. எம் பாலப்பருவத்துக் கூக்குரல் வீணன்று என்று அப்போது புரிந்தது. ஆண்டுக்கொரு முறை தந்தையார் அன்போடு தேய்த்துத் தேய்த்து, அவ்வண்டியின் உயிரைச் சிறிது சிறிதாகத் துணியில் ஏற்றியிருக்கிறார்.

இளைஞர் கையடக்கமான ஒரு கருவியை எடுத்துவந்தார். உருக்குத் தகட்டின்மேல் எவ்வளவு தடிப்புப் பூச்சு இருக்கிறது என்பதை மைக்கிரோன் கணக்கில் காட்டும் கருவி அது. அடிப்பூச்சும் மேற்பூச்சும் சேர்ந்த மொத்தத்தையே அது சொல்லும். தனித்தனியே பிரித்துச் சொல்லாது. எனினும் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட அது போதும். நாம் ஒரு தாளில் வண்டியின் படத்தை வரைந்து, அவர் சொல்லச் சொல்ல எண்களைக் குறித்தோம். நில அளவையாளரின் மகனுக்கு இதைவிட உகந்த வேலை உண்டோ!

கூரை 108. பொனற்றின் நடு 74. அதன் விளிம்பு 45. வலப்புறக் கதவுகள் 90, 93. இடப்புற முன்கதவு 91. இடப்புறப் பின்கதவிலே எண்கள் திடீரென உயர்ந்தன: 116, 118, 115. புட்டி பூசி மறு வர்ணம் அடித்திருந்தால் எண் பன்மடங்கு பாயும். ஆகவே மறு வர்ணமுமன்று. அக்கதவின் நடுவே சாணளவு நீளத்தில் ஒரு கீறல் உண்டு. கீறலுக்குள்ளே பச்சை வர்ணம் அப்பியிருக்கும். அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வர்ணம் தேயாமல் தடிப்பாக நின்றது.

"இந்த எடத்த மட்டும் யாரும் தேய்க்கல சேர்" என்றார் இளைஞர்.

அந்தப் பச்சைக் கோடு எமக்குப் புதியதன்று. தந்தையார் எப்போதோ வண்டியைப் பின்னோக்கி எடுக்கையில் எங்கோ உரசிக்கொண்டார் என்றே நாம் எண்ணியிருந்தோம். தமது கைத்தவற்றை ஒப்புக்கொள்ள மனமின்றி அதை விட்டுவைத்தார் என்று எமக்குள்ளே நகைத்ததும் உண்டு. ஒருமுறை நாமே அதைத் தேய்க்கப்போனபோது, "கிடக்கட்டும்" என்று ஒரே சொல்லில் தடுத்துவிட்டார். வர்ணம் மெல்லிதாகிவிடும் என்ற அச்சத்தால் தடுத்தார் போலும் என்று கொண்டோம். அதுவே காரணமாயின் பொனற்றை ஏன் எழுபத்துநான்குக்குத் தேய்த்தார் என்ற கேள்வி எழவேண்டும். கருவி இல்லாத காலத்தில் அக்கேள்வி எழவில்லை.

வேலை ஆரம்பமாயிற்று. மாசி மாதம், கண்டியில் மழை குறைந்த காலமாதலால் அதனையே தேர்ந்திருந்தோம். முதலில் கழுவினார்கள். இரும்புத்தூளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தார்கள். பிரேக்கிலிருந்து பறந்து வர்ணத்தில் பதிந்திருந்த நுண் இரும்பு ஊதா நிறமாகக் கரைந்து வழிந்தது. அடுத்தது களிக்கட்டி. வழுக்கும் நீரைத் தெளித்து அக்கட்டியை மெதுவாக இழுத்தால், ஒட்டிய பிசினும் தூசும் அன்னிய வர்ணமும் அதில் ஏறிவிடும். பொனற்று, கூரை, வலப்பக்கம் என்று முடித்து இளைஞர் இடப்பின் கதவுக்கு வந்தார். "இந்தப் பச்சையும் இதுலயே போயிரும் சேர். மிச்சக் கீறல கொம்பவுண்ட் பாத்துக்கும்" என்று கட்டியைக் கையில் எடுத்தார்.

"செய்யுங்கள் தம்பி" என்று சொல்ல நாம் வாயெடுத்தோம். அந்த வேளையில் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். காணொலியில் வண்டியைச் சுற்றிக் காட்டினோம். பொனற்றின் பளபளப்பைப் புகழ்வார் என்று எதிர்பார்த்த எமக்கு, அவர் கேட்ட முதற் கேள்வி வியப்பை அளித்தது.

"தம்பி, இஸ்கோல மஹத்தயாட பச்சைக் கோடு இருக்கோ?"

இஸ்கோல மஹத்தயா என்பது எமது அயல் வீட்டில் வாழ்ந்த சிங்களப் பள்ளி ஆசிரியரை ஊரார் அழைத்த பெயர். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே எம்மை அவர் தமது வீட்டின் பின்னறையில் மூன்று நாட்கள் வைத்துக் காத்தார் என்பது எமக்குத் தெரியும். எமக்கு அப்போது ஐந்து வயது. இருட்டறையும், பேசாதே என்று வாயைப் பொத்திய அன்னையாரின் கையும், ஈரப்பலாக்காய் கறியின் வாசனையுமே எம் நினைவில் எஞ்சியவை. தமக்கையாருக்கோ பதினொரு வயது. எமக்குத் தெரியாததை அன்று அவர் சொன்னார்.

கண்டி நகரிலே கடைகள் எரிந்து, மலைச்சாய்வில் புகை தெரிந்த அன்றிரவு, எமது முற்றத்தில் நின்ற சிவப்பு வண்டிதான் இன்னார் வீடு என்று காட்டிக்கொடுக்கும் என அஞ்சிய இஸ்கோல மஹத்தயா, தமது இரு புதல்வர்களையும் அழைத்துவந்தாராம். இயந்திரத்தை முடுக்கினால் ஒலி கேட்கும். ஆகவே தந்தையாரும் அவர்களுமாக நால்வர் வண்டியை இருட்டிலே தள்ளிச் சென்று, அவருடைய வீட்டின் பின்னே இருந்த மாட்டுக் கொட்டிலுக்குள் புகுத்தினார்கள். வாயில் குறுகல். பச்சை வர்ணம் பூசிய இரும்புக் கேற்றிலே பின்கதவு உரசிற்று. அந்த ஒலியில் நால்வரும் மூச்சடக்கி நின்றார்கள். பின்னர் வைக்கோலையும் சாக்குகளையும் போட்டு மூடினார்கள். வீதியால் வந்த கூட்டம் வந்தவழியே போயிற்று.

"மஹத்தயா அடுத்த கிழமை ஒரு பெயின்ற் டின்னோட வந்தவர். தன்னால வந்த கீறலெண்டு தானே அடிச்சுத் தாறனெண்டு நிண்டவர். அப்பா விடேல்லை. உனக்கு ஒருக்காலும் சொல்லேல்லையே?" என்றார் தமக்கையார்.

சொல்லவில்லை. அந்நாட்களைப் பற்றித் தந்தையார் எவரிடமும் பேசியதில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒவ்வோர் ஆயுத பூசைக்கும், தேய்க்கும் துணியை அக்கோட்டுக்கு ஒரு சாண் முன்பாகவே நிறுத்திக்கொண்டிருக்கிறார். அதனை எமக்குச் சொல்ல 116, 118, 115 என்ற மூன்று எண்கள் வேண்டியிருந்தன.

நாம் திரும்பி, "தம்பி, அந்தக் கதவில் களிக்கட்டி வேண்டா" என்றோம். எம் முகத்தில் எதைக் கண்டாரோ, அவர் காரணம் கேட்கவில்லை. மாஸ்கிங் டேப்பை எடுத்து அந்தக் கோட்டின் மேலே நீளமாக ஒட்டினார்.

மெருகுத் தேர்வும் அதன்பின் எளிதாயிற்று. யாவற்றிலும் மென்மையானதைக் கொண்டு முதலில் ஒரு முழச் சதுரத்தில் சோதிப்பது; போதாதாயின் மட்டும் ஒரு படி கடுமையானதற்கு ஏறுவது. இதுவே தேர்ந்த தொழிலாளர் கைக்கொள்ளும் விதி. அவ்வாறே கூரையில் நுண்மெருகைப் பரீட்சித்தோம். வெளிறல் போய்ச் சிவப்பு எழுந்தது. கதவுகளுக்கு நடுத்தர மெருகை மென்பஞ்சு வட்டில் ஒரேயொரு தடவை ஓட்டினோம். சுழன்றபடியே இடமும் அசையும் இயந்திரத்தையே பயன்படுத்தினோம். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் இயந்திரத்தைவிட அது சூட்டைக் குறைவாகவே எழுப்பும். பொனற்றில் கொம்பவுண்ட் தொடவேயில்லை. சில மெல்லிய கீறல்கள் அங்கே எஞ்சின. எழுபத்துநான்கு மைக்கிரோனில் மேலும் நாலைந்தைச் செலவிட்டு அவற்றைத் துரத்துவதிலும், அவை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் நகம் தடுக்குமளவு ஆழ்ந்த கீறலை எம்மெருகாலும் பத்திரமாக நீக்க இயலாது, வர்ணம் முடிந்துவிடும். சிவந்த வட்டுகளை அடிக்கடி கழுவி மாற்றிக்கொண்டார்கள்.

பின்னர், நீர் கலந்த ஐசோபுரொப்பைல் அற்ககோலால் மேனி முழுவதையும் துடைத்து மெருகின் எண்ணெயை அகற்றினார்கள். இந்தத் துடைப்பைச் செய்யாது விடின் முன் செய்த அனைத்தும் பழுதே. எண்ணெய் போனபின்பு தெரிவதே வர்ணத்தின் உண்மை முகம். அதுவரை தெரிந்த பளபளப்பில் பாதி எண்ணெயின் உபயமாக இருக்கலாம். எமது வண்டி அந்தப் பரீட்சையில் ஏறக்குறையத் தேறிற்று. டேப்பைப் பிரித்து, பச்சைக் கோட்டை ஈரத்துணியால் நாமே மெதுவாகத் துடைத்தோம். கனடாப் போத்தல் திறக்கப்பட்டது. சிறு சிறு பகுதியாகப் பூசித் துடைத்து, கோட்டின்மேலும் பூசினோம். ஒரு நாள் முழுவதும் நீர் படலாகாது. முற்றாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். மாசி மாதத்து வானம் எம்மைக் கைவிடவில்லை.

திவசத்துக்கு முதல்நாள் தமக்கையார் வந்திறங்கினார். வண்டியின் அருகே சென்றவர் முன்புறம் பார்க்கவில்லை. நேரே இடப்பின் கதவுக்குப் போய் நின்றார். பிறகு எமது கையைப் பற்றிக்கொண்டு, "வா, அம்மேயிட்டப் போட்டு வருவம்" என்றார்.

இஸ்கோல மஹத்தயா காலமாகிவிட்டார். அவருடைய மனைவியார், நாம் அம்மே என்றழைக்கும் மூதாட்டி, மட்டும் அவ்வீட்டில் இருக்கிறார். அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து கோட்டைக் காட்டினோம். கண்ணை இடுக்கிக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். மாட்டுக் கொட்டில் இடிந்து, கேற்று பழைய இரும்புக்குப் போய் இருபது ஆண்டுகளாயின. சற்று நேரம் சென்று, "எங்கள் கேற்றில் இனி மிச்சம் இவ்வளவுதான் மகனே" என்று சிங்களத்தில் சொன்னார். மறுநாள் படையலுக்கு அவர் கொடுத்தனுப்பிய பழச்சீப்பைத் தந்தையாரின் படத்துக்கு முன்னே வைத்தோம்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு எமது அனுபவத்தில் கண்ட சிலவற்றைக் கூறி அமைவோம். பூச்சு வாங்குமுன் வர்ணத்தின் தடிப்பை அளவுங்கள். நிரப்பும் மெருகை விலக்குங்கள். மென்மையானதில் தொடங்குங்கள். விளிம்புகளை டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள். எண்ணெய் போகத் துடைத்தபின் ஒருமுறை நின்று பாருங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னே, வீட்டில் மூத்தவர் எவரேனும் இருப்பாராயின், அவரை அழைத்து வண்டியை ஒருமுறை சுற்றிவரச் செய்யுங்கள். எந்தக் கீறல் எதற்குரியது என்று அவர் சொல்லக்கூடும். எமக்கு அச்செய்தி தக்க தருணத்தில் வந்தது. களிக்கட்டி கதவைத் தொட ஒரு கைம்முழந்தான் இருந்தது.